குதிரைக்கு அஞ்சிய சிறுவன்

கல்லூரியில் உளவியலை முதன்முதலாக எடுத்துப் படிக்கும் மாணாக்கரின் குறிப்பேட்டைப் புரட்டினால், முதற் சில பக்கங்களுக்குள்ளாகவே, அளவுகோல் வைத்துக் கோடிட்டுக் கட்டங்களாகப் பிரித்த அட்டவணை ஒன்று அநேகமாகத் தென்படும். உளப்பகுப்பாய்வு, நடத்தைவாதம், மனிதநேய நோக்கு, அறிதல் நோக்கு, உயிரியல் நோக்கு, சமூகப் பண்பாட்டு நோக்கு என்று தலைப்புகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் கீழும் ஸ்தாபகர் பெயர் ஒன்று, ஆண்டு ஒன்று, ஒரு வரியில் அடங்கிய இலக்கணம் ஒன்று என்று எழுதியிருக்கும். எங்கள் தெருவில் இவ்வாண்டு அப்பாடத்தை எடுத்திருக்கும் பெண்ணொருத்தி அப்படிப்பட்ட அட்டவணையை என்னிடம் நீட்டி, "தாத்தா, நான் பாக்காம சொல்றேன், சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். ஒரு பிழையுமின்றி ஒப்பித்தாள். ஒப்பித்து முடித்துவிட்டு, "இதுல எது தாத்தா சரி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

"எல்லாம் சரிதானம்மா; யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதை தெரியுமல்லவா?" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் வாய் எழுந்தது. ஆனால் அக்கதையில், யானை முழுவதையும் கண்ட ஒருவன் அருகில் நின்றுகொண்டிருக்கிறான். அவன் நிற்பதனாலேயே மற்றவர்கள் குருடர்கள் என்பது நமக்குத் தெரிகிறது. மனித மனத்தின் விஷயத்தில் அப்படி நிற்கிறவர் எவரும் இல்லை. அன்றியும், கதையின் குருடர்கள் ஆளுக்கோர் உறுப்பைப் பிடித்துக்கொண்டு சண்டையிட்டார்கள். உளவியலாரோ பல சமயங்களில் ஒரே காலைப் பிடித்துக்கொண்டு, உரல் என்றும் தூண் என்றும் சண்டையிட்டிருக்கிறார்கள். அத்தகைய சண்டையில் ஒரு கட்சி தோற்பதற்கும் இடம் உண்டு. ஆகவே அட்டவணையை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்சியாரின் வாசலுக்கும் போய்க் கேட்போம் என்றேன்.

இத்தனை கட்சிகள் ஏற்பட்ட வரலாறு நீண்டது. இங்கே இரண்டு வரி போதும். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வில்ஹெம் வுண்ட் உளவியலுக்கென்று ஓர் ஆராய்ச்சிக்கூடம் நிறுவினார். 1890-இல் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ், எழுத ஒப்புக்கொண்டு பன்னிரண்டு ஆண்டு கழித்து, தம் பெரிய உளவியல் நூலை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஒருவன் தன் மனத்தைத் தானே உற்று நோக்கி அங்கே காண்பதைச் சொல்வதே அக்காலத்தில் பிரதானமான சாதனமாயிருந்தது. ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை என்றால் தீர்ப்புக் கூற வழியில்லாமற் போயிற்று. அந்த வழக்குத் தீராத நிலையில், வழக்கையே வேறு மன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள்தாம் பின்னால் வந்த கட்சிக்காரர்கள்.

நம் குழந்தைக்கு வருவோம். 1908-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவில், ஐந்து வயது நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்த ஒரு சிறுவன் வீதிக்குப் போக மறுத்து அழத் தொடங்கினான். வீதியில் குதிரை தன்னைக் கடித்துவிடும் என்பது அவன் அச்சம். மோட்டார் வண்டிகள் பெருகாத அக்காலத்து வியன்னாவில் குதிரைக்கு அஞ்சுகிறவன் வாசற்படியைத் தாண்ட முடியாது. போதாக்குறைக்கு, வீட்டுக்கு எதிரிலேயே இருந்த சுங்கக் கிடங்கின் முற்றத்துக்குள் பாரமேற்றிய வண்டிகள் திரும்பி நுழைவதும் வெளியேறுவதுமாக இருந்தன. சிறிய குதிரைகளைவிடப் பெரிய குதிரைகளிடத்திலும், வெறும் வண்டியைவிடப் பாரவண்டி இழுக்கும் குதிரைகளிடத்திலும், வாயைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ பூட்டி, கண்ணுக்கு மறைப்புக் கட்டிய குதிரைகளிடத்திலும் அவனுக்குப் பயம் மிகுந்திருந்தது. தன் அச்சத்துக்கு அவனே ஒரு பெயரும் வைத்திருந்தான்: 'என்னுடைய அசட்டுத்தனம்'.

அவன் தந்தை மாக்ஸ் கிராஃப் சங்கீத விமரிசகர். சிக்மண்ட் ஃப்ராய்டின் வீட்டில் புதன்கிழமைதோறும் கூடிய சிறு குழுவில் ஒருவர். தாயோ முன்னர் ஃப்ராய்டிடம் சிகிச்சை பெற்றவர். ஆகவே மகனுடைய பேச்சு, கனவு, விளையாட்டு அனைத்தையும் தந்தை நாள்தவறாமல் எழுதி ஃப்ராய்டுக்கு அனுப்ப, அவர் அவற்றுக்குப் பொருள் சொல்லி அனுப்ப, சிகிச்சை பெரும்பாலும் இப்படியே நடந்தது. சிகிச்சைக் காலத்தில் ஃப்ராய்டு அச்சிறுவனை நேரில் பார்த்துப் பேசியது ஒரே ஒரு முறைதான். 1909-இல் இந்த வரலாற்றை அவர் வெளியிட்டபோது சிறுவனுக்கு இட்ட புனைபெயர் ஹான்ஸ்.

ஃப்ராய்டின் விளக்கம் பிரசித்தமானது. தாயின்பால் அளவிறந்த பற்றுக்கொண்ட ஆண்குழந்தை, அவளைத் தன்னோடு பங்கிட்டுக்கொள்ளும் தந்தையைப் போட்டியாளனாக எண்ணுகிறான். அவர் இல்லாமற்போகவேண்டும் என்று ஒரு கணம் விரும்பவும் விரும்புகிறான். ஆனால் அதே தந்தையை அவன் நேசிக்கவும் நேசிப்பதால், அந்த விருப்பத்தைத் தாங்கமாட்டாமல் நனவிலி மனத்துக்குள் தள்ளிவிடுகிறான். தள்ளப்பட்டது வேறு உருவத்தில் வெளிப்படுகிறது. வீதியிலுள்ள குதிரை உண்மையில் வீட்டிலுள்ள தந்தை. குதிரையின் வாயைச் சுற்றிய கறுப்பு அவருடைய மீசை. கண்மறைப்பு அவருடைய மூக்குக்கண்ணாடி. அந்த ஒரே சந்திப்பில் ஃப்ராய்டு இதைச் சிறுவனிடமே எடுத்துச் சொன்னார். வீடு திரும்பும் வழியில் ஹான்ஸ் தன் தந்தையிடம், எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கிறாரே, இந்தப் பேராசிரியர் கடவுளோடு பேசுகிறாரா என்று கேட்டானாம். இந்தக் கேள்வியை மறைக்காமல் அச்சிட்ட ஃப்ராய்டின் நேர்மையை நான் மெச்சுகிறேன். கேள்வியில் இருந்த கூர்மையை அவர் முழுவதும் உணர்ந்தாரா என்பது எனக்குச் சந்தேகமே.

ஒன்றை இங்கே சொல்லிவிடவேண்டும். 1908-இல் ஒரு குழந்தை காரணமின்றி அழுதால், அடித்து வீதிக்குத் தள்ளுவதே பல குடும்பங்களில் வைத்தியமாயிருந்திருக்கும். அழுகைக்கு அர்த்தம் உண்டு, அதைப் பொறுமையாகக் கேட்டால் குழந்தை சொல்லிவிடும் என்று ஒரு தந்தையை நம்பச் செய்ததே பெரிய காரியம். சில மாதங்களில் ஹான்ஸ் வீதியில் நடமாடத் தொடங்கினான். அவன் குணமடைந்தது விளக்கத்தினாலா, தந்தை பக்கத்தில் உட்கார்ந்து பேசியதனாலா, வயது ஏறியதனாலா என்பதைப் பிரித்தறிய அந்த வரலாற்றில் வழியில்லை.

கடல் கடந்து அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்பவருக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. கண்ணால் காணமுடியாத மனத்தைப் பற்றிய வாதங்களை விட்டொழித்து, கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வதே சாஸ்திரமாகும் என்று 1913-இல் அவர் பிரகடனம் செய்தார். பயம் என்பது ஆழத்திலிருந்து எழுவதன்று, வெளியிலிருந்து கற்பிக்கப்படுவது என்று காட்ட, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ரோசலி ரேனர் என்ற தம் மாணவியுடன் அவர் நடத்திய சோதனை 1920-இல் வெளியாயிற்று. ஆல்பர்ட் என்று அவர்கள் பெயரிட்ட பதினோரு மாதக் குழந்தை, அதுவரை எந்தப் பிராணியையும் கண்டு அஞ்சாதது. அதன் முன்னே ஒரு வெள்ளெலியை விட்டு, குழந்தை கைநீட்டும் சமயத்தில் தலைக்குப் பின்னே இருந்த இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். எலியும் ஓசையும் ஏழு முறை சேர்ந்து வந்தபின், ஓசையே இல்லாமல் எலியைக் கண்ட மாத்திரத்தில் குழந்தை அழுதுகொண்டு தவழ்ந்து ஓடிற்று. பிறகு முயலுக்கும், நாய்க்கும், உரோமச் சட்டைக்கும் அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்குவதற்கு முன்பே குழந்தை மருத்துவமனையைவிட்டுப் போய்விட்டது. இத்தகைய சோதனைக்கு இன்று எந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. அப்படியிருந்தும் அந்தக் கட்டுரையின் இறுதியில் ஆசிரியர்கள் பரிகாசம் ஒன்று செய்திருக்கிறார்கள்: இருபது ஆண்டு கழித்து, உரோம மேலங்கியைக் கண்டு அஞ்சும் ஆல்பர்ட் உளப்பகுப்பாளர் ஒருவரிடம் போனால், அவர் அவனிடமிருந்து ஒரு கனவைக் கறந்து, அதற்கு ஓர் அர்த்தமும் கண்டுபிடித்துவிடுவார் என்று. வியன்னாச் சிறுவனின் குதிரைக்குப் பால்டிமோரிலிருந்து வந்த பதில் என்றே அதை நான் படிக்கிறேன்.

பயத்தைக் கற்பிக்க முடியுமானால் மறக்கச் செய்யவும் முடியவேண்டும் அல்லவா? 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி அதைச் செய்து காட்டினார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் மூன்று வயதுக் குழந்தை தனக்குப் பிரியமான தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கையில், முயற்கூண்டைத் தூரத்தில் கொண்டுவந்து வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே நகர்த்த, முடிவில் குழந்தை முயலை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தது. நம் வீடுகளில் ஒரு கவளம் சோறு இறங்குவதற்காகப் பூச்சாண்டியைக் கூப்பிடும் தாய்மார்கள் இதே சூத்திரத்தைத் தலைகீழாகப் பிரயோகிக்கிறார்கள் என்பதை அவர்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இனித்தான் சண்டை சூடுபிடிக்கிறது. 1960-இல், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசப் வோல்ப், ஸ்டான்லி ராக்மன் என்ற இருவர், ஃப்ராய்டு வெளியிட்ட அதே வரலாற்றை வரிவரியாகப் படித்து, அதிலிருந்தே அவருக்கு எதிராக வழக்காடினார்கள். பயம் தோன்றுவதற்குச் சற்று முன்னால், தாயுடன் வீதியில் சென்றபோது, பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய வண்டியை இழுத்துவந்த குதிரை ஒன்று கீழே விழுந்து கால்களை உதைத்துக்கொண்டு கிடந்ததை ஹான்ஸ் பார்த்திருக்கிறான். தன் அசட்டுத்தனம் அப்பொழுதுதான் பிடித்தது என்று அவனே தந்தையிடம் சொல்லியிருக்கிறான். தாயும் அந்நிகழ்ச்சி உண்மை என்றிருக்கிறாள். பெரிய குதிரை, பாரவண்டி, முகத்தில் பூட்டிய சாதனம் ஆகிய இவற்றுக்கே அவன் விசேஷமாக அஞ்சினான் என்பது அந்த விபத்தோடு எவ்வளவு பொருந்துகிறது! மீசையும் மூக்குக்கண்ணாடியும் எதற்கு? தந்தையும் பேராசிரியரும் எடுத்துக் கொடுத்த எண்ணங்களையே குழந்தை திருப்பிச் சொல்லியிருக்கிறான் என்பது அவர்கள் வாதம். ஹான்ஸ் தானாகச் சொல்ல இயலாத பலவற்றை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது என்பதை ஃப்ராய்டே ஒப்புக்கொண்டிருந்ததால், இந்த வாதத்துக்கு வலிமை மிகுந்தது. இந்தக் காலை உரல் என்றவரைவிடத் தூண் என்றவர் பக்கமே சாட்சியம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் நடத்தைவாதிகளின் வெற்றியும் நெடுநாள் நிலைக்கவில்லை. எதையும் எதனோடும் பிணைத்துவிடலாம் என்பது உண்மையானால், ஹான்ஸ் ஏன் குதிரைக்கு அஞ்சினான்? வண்டிச் சக்கரமும் அங்கே இருந்தது. தெருக்கல்லும், தாயின் கைப்பிடியும் இருந்தன. சில அச்சங்களைக் கற்றுக்கொள்ள உயிர்கள் பிறவியிலேயே ஆயத்தமாக இருக்கின்றன என்று 1971-இல் மார்ட்டின் செலிக்மன் எழுதினார். 1980-களின் இறுதியில் சூசன் மினெக்காவும் அவருடைய சகாவும் ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்ந்த குரங்குகளை வைத்து இதைச் சோதித்த விதம் அழகானது. பாம்பையே கண்டறியாத குரங்குகளுக்கு, வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு நடுங்கும் படத்தைக் காட்டினார்கள். பார்த்தவையும் பாம்புக்கு அஞ்சக் கற்றுக்கொண்டன. அதே நடுக்கத்தைப் படத்தை வெட்டி ஒட்டிப் பூவைக் கண்டு நடுங்குவதுபோல் மாற்றிக் காட்டியபோது, பூவுக்கு அஞ்சக் கற்றுக்கொள்ளவில்லை. கற்பலகை வெறுமையாக வருவதில்லை. சில எழுத்துகள் எளிதில் பதியும்படி கோடு போட்டே வருகிறது.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தேடுவது உயிரியல் நோக்கினரின் வேலை. மூளையின் பொட்டுப் பகுதியில், உட்புறமாக, பாதாம் பருப்பை ஒத்த வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் சிறு உறுப்புக்கும் பயத்துக்கும் உள்ள சம்பந்தம் பல வழிகளில் நிரூபணமாயிருக்கிறது. அரியதொரு நோயினால் இருபுறத்து அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண்மணி அமெரிக்காவில் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயருக்குப் பதிலாக எஸ்.எம். என்ற எழுத்துகள்தாம் வரும். பாம்பு விற்கும் கடைக்கு அவரை அழைத்துச் சென்றபோது, அச்சம் என்பதே இல்லாமல், ஆவலோடு பாம்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார் என்று 2011-இல் எழுதினார்கள். அவ்வளவுதான், பயத்தின் இருப்பிடம் அகப்பட்டுவிட்டது என்று பாடப்புத்தகங்கள் களித்திருக்கையில், கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தவுடன் அதே பெண்மணி பீதியால் துடித்தார் என்ற செய்தி 2013-இல் வந்தது. வெளியிலிருந்து வரும் அபாயத்துக்கு ஒரு பாதை, உடலுக்குள்ளிருந்து எழும் அபாயத்துக்கு வேறொரு பாதை போலும். மூளையைக் காட்டிவிட்டால் வாதம் முடிந்துவிட்டது என்று நம்புகிற இக்காலத்தவருக்கு இச்செய்தியைச் சற்று அழுத்தியே சொல்லவேண்டியிருக்கிறது.

அறிதல் நோக்கினரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவர்கள் வாதம் எளிதாகையால். 1950-களின் நடுவிலிருந்து ஜார்ஜ் மில்லர், நோம் சாம்ஸ்கி முதலியோர் நடத்தைவாதத்தின் கோட்டையை உள்ளேயும் வெளியேயும் இருந்து இடித்தார்கள். 1967-இல் உல்ரிக் நைசர் எழுதிய நூல் புதிய கட்சிக்குப் பெயரையே தந்தது. விழுந்த குதிரைக்கும் ஹான்ஸின் நடுக்கத்துக்கும் நடுவே ஒரு நினைப்பு இருக்கிறது என்பதே அவர்கள் சொல்வது. பாரம் மிகுந்தால் குதிரை விழும், பெரிய வண்டியில் பாரம் மிகுதி, ஆகவே பெரிய வண்டி ஆபத்து என்று அவன் அனுமானம் செய்கிறான். ஐந்து வயதுக்கு அது மோசமான தர்க்கமன்று. நாய்க்கு அஞ்சிய சிறு குழந்தைகள், வேறொரு குழந்தை நாயோடு அச்சமின்றி விளையாடுவதைச் சில தினங்கள் பார்த்த அளவிலேயே பெரும்பாலும் அச்சம் நீங்கினார்கள் என்று ஆல்பர்ட் பண்டூரா காட்டியதையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். அவர்கள் கண்டது மாறிற்று, எதிர்பார்ப்பும் மாறிற்று.

குடும்பத்தையும் ஊரையும் நோக்குகிறவர்கள் கேட்கும் கேள்வி வேறு. குதிரைப் பயம் வருவதற்குச் சில நாள் முன்னதாக, அம்மா போய்விட்டாள் என்று கனவு கண்டு ஹான்ஸ் அழுதுகொண்டு எழுந்திருக்கிறான். ஃப்ராய்டின் வரலாற்றில் உள்ள இந்தச் செய்தியை, பற்றுறவு பற்றி ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் பௌல்பி 1973-இல் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று தாய் மிரட்டியதும் அவ்வரலாற்றிலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டி, வீதியில் குதிரை இருப்பதனால் அன்று, திரும்பி வரும்போது வீட்டில் தாய் இல்லாமற்போகலாம் என்பதனாலேயே சிறுவன் வெளியே போக அஞ்சினான் என்றார். பெற்றோர் இருவரும் பின்னாளில் விவாகரத்துப் பெற்றுப் பிரிந்தார்கள் என்பதை அறிந்து படிக்கிறவனுக்கு இந்த விளக்கம் மனத்தை விட்டு அகலாது.

தந்தைதான் எங்கும் போட்டியாளனா என்ற ஐயமும் முன்பே எழுந்துவிட்டது. பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில், குழந்தையைக் கண்டித்து வளர்க்கும் அதிகாரம் தாய்மாமனுக்கே உரியது. ஆகவே அங்கே பையனின் மனக்கசப்பு தந்தைமேல் விழாமல் மாமன்மேல் விழுகிறது என்று மானிடவியலாரான மாலினோவ்ஸ்கி எழுதினார். சீர் கொண்டுவந்து மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் நம் தாய்மாமன்மார்கள் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்களோ! கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், தம்மிடம் வரும் இந்திய நோயாளிகள் ஐரோப்பியரைப்போல் இல்லை என்றும், இவ்விஷயத்தில் தாம் மாறுபடத் துணிவதாகவும் ஃப்ராய்டுக்கே கடிதம் எழுதினார். ஆசானுக்கு வணக்கமும் மறுப்பும் ஒரே உறையில் போயின.

மனிதநேயக் கட்சியார், அதாவது கார்ல் ராஜர்ஸ், ஆபிரகாம் மாஸ்லோ முதலியோர், குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்கள். சிறுவனுக்கு அருகில் உட்கார்ந்து, தீர்ப்புக் கூறாமல், அவன் சொல்வதை அவன் சொல்கிறபடியே விளங்கிக்கொள்ள முயன்றார்களா என்று மட்டும் கேட்பார்கள். இது விளக்கமே ஆகாது, வெறும் உபசாரம் என்று கண்டிப்பான விஞ்ஞானிகள் சொல்வதுண்டு. எனக்கும் இளமையில் அப்படித்தான் தோன்றியது. இப்பொழுது அந்த வரலாற்றைப் படிக்கையில், தந்தை கேள்விமேல் கேள்வி கேட்க, குழந்தை சலித்துப்போய் ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பப் பார்க்கும் இடங்களில், இந்தக் கேள்வியை யாராவது அப்பொழுதே கேட்டிருக்கலாமே என்று படுகிறது.

"அப்போ எது தாத்தா சரி?" என்று அவள் விடாமல் கேட்டாள். மீசை என்ற விளக்கத்துக்குச் சாட்சியம் குறைவு. விபத்து என்பதற்கு மிகுதி. ஆனால் விபத்தைக் கண்ட குழந்தைகள் எல்லாரும் அஞ்சி நடுங்குவதில்லையாகையால், இந்தக் குழந்தை ஏன் நடுங்கினான் என்பதற்கு வீட்டுக்குள் போய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பரீட்சையில் அப்படி எழுதினால் மதிப்பெண் போடுவார்களா என்று அவள் கேட்டதற்கு என்னால் உறுதி கூற முடியவில்லை.

ஹான்ஸ் என்ன ஆனான் என்று கேட்டாள். 1922-இல், பத்தொன்பது வயது இளைஞனாக, ஆரோக்கியமாக, ஃப்ராய்டின் முன் வந்து நின்று, நான்தான் அந்தச் சின்ன ஹான்ஸ் என்றானாம். தன் வரலாற்றை அச்சில் படித்தபோது யாரோ அந்நியனைப் பற்றிப் படிப்பதுபோல் இருந்ததென்றும், ஏறக்குறைய ஒன்றுமே நினைவில் இல்லையென்றும் சொன்னான். ஹெர்பர்ட் கிராஃப் என்ற தன் சொந்தப் பெயரில் இசைநாடக அரங்க இயக்குநராகி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் பல்லாண்டு பணிபுரிந்து, ஜெனீவாவில் 1973-இல் காலமானான். பௌல்பியின் புத்தகம் வெளிவந்த அதே ஆண்டு.

இன்னொரு செய்தியும் உண்டு. சிறுவனின் பிறந்தநாள் ஒன்றன்று, ஃப்ராய்டு ஒரு பரிசுப்பொருளைத் தாமே சுமந்துகொண்டு, கிராஃப் குடும்பத்தினர் வசித்த மாடிவரை படியேறி வந்து கொடுத்தார் என்று தந்தை மாக்ஸ் கிராஃப் பல ஆண்டு கழித்து நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பரிசு ஓர் ஆடுகுதிரை, மரத்தால் செய்தது. 1909-இல் வெளியான வரலாற்றில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவள் குறிப்பேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு போனாள். "இதை எதுல தாத்தா எழுதறது?" என்றாள். பிறகு அட்டவணைக்கு வெளியே, ஓரத்தில், 'மரக்குதிரை' என்று எழுதிக்கொண்டாள்.